ஏழாவது பெட்டி

எடை போட முடியாத பிராணி.
வெளியே எடுத்தால் உள்நீர் வழிந்து
சளித்துளியாய்ச் சுருண்டுகொள்ளும்.
நம்மை மறந்து அது நீண்டு படுக்கிற நேரம் பார்த்து
அடியில் கோடு போட்ட தாளை நகர்த்தி
மூச்சை அடக்கி அளக்கிறோம்.

ஃப்லூரோவில் மழை. மார்ச்.
நான் ஓஸ்லௌக். இந்த ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுகிறேன்,
உப்புநீர் கலக்குகிறேன்,
சனி ஞாயிறு வந்து இறால்குஞ்சு பொரிக்கிறேன்.
எஸ்கில் வளர்ப்பவை கடற்சாமந்திகள்.
பூவென்பது பெயரில்தான்; பிராணி முழுக்க வயிறு.
வாய் ஒன்று. வருவதும் அந்த வழி,
போவதும் அந்த வழி.

போன குளிர்காலத்தில் பெரியவற்றைப் பட்டினி போட்டான்.
சாகவில்லை.
கையும் வாயும் கணக்குப் பிசகாமல் குறைந்து,
அதே உருவம், அதே மிடுக்கு,
கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பதுபோல.
எனக்கு அது புதிதில்லை.
ஹெர்ரிங் வந்த வருடங்களில் எங்கள் ஊர் பருத்தது,
தொழிற்சாலைக்கு மூன்று சங்கு, பள்ளிக்கு இரண்டு வாசல்.
வராத வருடங்களில்
தேவாலயம், கடை, தபால்பெட்டி எல்லாம் அப்படியே இருக்க
ஊர் மட்டும் சின்னதாகிப்போனது.

இந்த முறை குஞ்சுகள். பெட்டிக்கு ஒன்று.
ஒன்று முதல் ஆறு வரை தினமும் தீனி.
ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வெறும் தண்ணீர்.

பிறக்கும்போது நான்கு கை.
அடுத்த கை வேண்டுமென்றால் முதலில் சாப்பிட வேண்டும்.
கை இருந்தால்தானே சாப்பாடு என்போம் நாம்.
சாப்பாடு இருந்தால்தான் கை என்கிறது அது.
நான்கோடு நிற்கும், மாதக்கணக்கில்,
கோபமே இல்லாமல்.

அந்தக் கோபமில்லாமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, கட்டிடத்தில் யாருமில்லை,
ஏழாவது பெட்டியில் ஒரு சொட்டு விட்டேன்.
செம்மஞ்சள் புள்ளிகள் துள்ளின.
ஒரு கை மடங்கியது. பிறகு இன்னொன்று.
உடம்பே ஜன்னல் என்பதால்
விழுங்கியதெல்லாம் வெளியே தெரிந்தது,
வயிற்றில் ஒரு சின்ன அஸ்தமனம்.
திங்கள் காலைக்குள் நிறம் கரைந்துவிட்டது.
தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆறு ஞாயிறு கழித்து இரண்டு மொட்டு விட்டது,
வாயைச் சுற்றி, ஐந்தாவது கையும் ஆறாவதும்.

எஸ்கில் வடிகட்டியை மாற்றினான்.
விளக்கைச் சந்தேகப்பட்டான், பாசியைச் சந்தேகப்பட்டான்,
ஜெர்மனிக்கு இரண்டு பக்கம் எழுதினான்.
என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.
கண்ணாடி கழுவுகிறவளுக்கு ஒரு வசதி,
அவளும் கண்ணாடிதான்.

வெள்ளிக்கிழமை வாஃபிள் நேரம்.
திரையில் அவன் வரைபடம்: எட்டும் ஒன்பதும் கீழே இறங்க
ஏழு மட்டும் ஏணி ஏறுகிறது.
"தீனியில்லாமல் வளர்ந்திருக்கிறது," என்றான்,
குரலில் பண்டிகை.
பழுப்புப் பாலாடைக்கட்டி என் தொண்டையில் நின்றது.

"தீனியில்லாமல் எதுவும் வளராது, எஸ்கில்.
நான் போட்டேன்."

மழைச் சத்தம் கொஞ்ச நேரம்.
கத்துவான் என்று காத்திருந்தேன்.
தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டான்:
"எத்தனை?"

கழுவும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதித்தான் வைத்திருந்தேன்.
தேதி, குஞ்சுகள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு,
நாற்பது, ஈஸ்டர் ஞாயிறன்று ஐம்பத்திரண்டு.
திருடியதற்கும் கணக்கு வைத்திருப்பவளை
அன்றுதான் முதல்முறை நிமிர்ந்து பார்த்தான்.

இப்போது அட்டவணையில் ஏழுக்குத் தனி வரி.
ஞாயிறு மட்டும்.
கை பத்து. நீளம் எட்டு மில்லிமீட்டர்.

எட்டும் ஒன்பதும் அதே வெறும் தண்ணீரில்.
நான்கு கை, நான்கு கை.
அவற்றைத் தாண்டும்போது
சொட்டுக்குழாயை மேஜையில் வைத்துவிட்டு
என் இரண்டு கைகளையும் பையில் விட்டுக்கொள்கிறேன்.